கடை ஊழியர்களின் உரிமைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்காக எழுதியது இது. கடைகளில் வேலை பார்ப்பவர்களில் பலர் தங்களுக்கென்று ஒரு சட்டம் இருப்பதையே அறிவதில்லை. கிடைப்பதெல்லாம் முதலாளியின் நல்ல மனசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கீழே இருப்பவை எல்லாம் சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியவை.

முதலில் ஒரு விளக்கம். கடை ஊழியர்களுக்கு அடிப்படையானது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். கீழே 'கடைகள் சட்டம்' என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இது மாநிலச் சட்டம். மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. சம்பளம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆகியவற்றுக்கான பழைய மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. கடைகள் சட்டம் அப்படியே இருக்கிறது.

நாள் முழுக்க நிற்கிறோம். கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்தால்கூட சூப்பர்வைசர் திட்டுகிறார். உட்கார எங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அந்தப் பிரிவு. 'எல்லா ஊழியர்களுக்கும்' என்பதைக் கவனியுங்கள். இருபது பேர் நிற்கும் தளத்தில் ஒரு மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு, இதோ இருக்கிறதே என்று காட்டினால் அது போதாது. ஸ்டூல் இருந்தும் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துத் திட்டுகிறார்கள் என்றால் அதுவும் சட்டத்தை மீறுவதுதான்.

நமக்கு முன்பே, 2018-இல், கேரளம் இப்படி ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரண்டு, கழிப்பறைக்காகவும் நாற்காலிக்காகவும் பல ஆண்டுகள் போராடினார்கள். அதை முன்னின்று நடத்திய விஜி ஒரு தையல் தொழிலாளி. அந்தப் பெண்கள் பேசத் தொடங்கியதால்தான் இங்கேயும் இந்தப் பேச்சு வந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

இதைச் சின்ன விஷயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பத்து மணி நேரம் நின்றவர்களின் கால்களைப் பார்த்தால் தெரியும். சாயங்காலத்துக்குள் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகிவிடும். சில வருடங்களில் கெண்டைக்காலில் ரத்தக்குழாய் சுருண்டு நீலமாகப் புடைக்கும். வெரிகோஸ் வெயின் என்று டாக்டர் சொல்வது அதைத்தான். முப்பது வயதுக்குள் அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட விற்பனைப் பெண்கள் இருக்கிறார்கள்.

காலை 9.30-க்கு வந்தால் இரவு 9.30-க்குத்தான் விடுகிறார்கள். சட்டப்படி வேலை நேரம் எவ்வளவு?

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் என்று ஷிப்ட் போட்டு அனுப்புவது சட்டத்தில் இல்லாத ஏற்பாடு. ஓய்வையும் சேர்த்து, வந்ததிலிருந்து போவதுவரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அது ஓவர்டைம். அதற்கு இரண்டு மடங்கு சம்பளம். ஓவர்டைமுக்கும் எல்லை உண்டு. கடைகள் சட்டத்தின்படி எல்லாம் சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகள் ஆண்டின் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தது. அது தொடர்ந்து நீட்டிக்கப்பட்டு வருகிறது. அந்தக் கடைகளுக்கு நாளுக்கு 10½ மணி, வாரத்துக்கு 57 மணி என்பது எல்லை. கடையைத் திறந்து வைக்கத்தான் 24 மணி நேர அனுமதி. உங்கள் வேலை நேரம் அதனால் கூடிவிடாது. இந்த இரண்டையும் குழப்பித்தான் பல கடைகளில் பேசுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் 13,000 ரூபாய் என்றால், 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 500. எட்டால் வகுத்தால் மணிக்கு 62.50. ஓவர்டைமுக்கு மணிக்கு 125. தினம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக நின்றால் 26 நாளில் 39 மணி நேரம், அதாவது 4,875 ரூபாய். மாதா மாதம் உங்கள் கைக்கு வராமல் போகும் பணம் இது.

தீபாவளி சீசனில் ஒரு மாதம் வார விடுமுறையே கிடையாது என்கிறார்கள். செய்யலாமா?

கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் சம்பளத்தோடு விடுமுறை தந்தாக வேண்டும். கடை மூடாவிட்டால் சுழற்சி முறையில் தர வேண்டும். அன்றன்று விடுமுறையில் இருப்பவர்கள் யார் யார் என்று எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதிப் போட வேண்டும் என்று அந்த 365 நாள் அரசாணையே சொல்கிறது. உங்கள் கடையில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசு விடுமுறை நாட்கள் எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், இன்னும் ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலை வாங்கினால் இரண்டு மடங்கு சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. தேர்தல் நாளில் ஓட்டுப் போடவும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு.

இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது 1923-இல், சென்னையில், சிங்காரவேலர் முயற்சியில். அந்த ஊரின் கடைகளிலேயே மே 1 அன்று ஊழியர்கள் வழக்கம்போல நிற்கிறார்கள் என்பது வேதனை.

லீவு எடுத்தால் சம்பளம் பிடிக்கிறார்கள்.

ஓராண்டு வேலை முடித்தவருக்கு அடுத்த ஆண்டு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு. உடம்பு சரியில்லாவிட்டால் ஆண்டுக்கு 12 நாள் வரை. தற்செயல் விடுப்பு 12 நாள் வரை. பின்னிரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உண்டு. கேட்பதானால் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, அது பதிவாக இருக்கும்.

ஐந்து நிமிடம் தாமதமானால் ஃபைன். செக்‌ஷனில் ஒரு புடவை குறைந்தால் எல்லோர் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடிக்கிறார்கள். இது சரியா?

பெரும்பாலும் சரியில்லை. முதலாளி தன் இஷ்டத்துக்குச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது.

அபராதம் என்றால், எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்பது அரசின் ஒப்புதல் பெற்று முன்கூட்டியே அறிவிப்பாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். மொத்த அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 13,000 சம்பளத்தில் அது 390 ரூபாய்தான். தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 100, 200 என்று பிடிக்கிற கடைகளில் நான்கே நாளில் இந்த எல்லை தாண்டிவிடுகிறது.

சரக்குக் குறைவதற்கு வருவோம். உங்கள் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் உங்கள் கவனக்குறைவால் போனது என்று காட்ட முடிந்தால் மட்டுமே, அதுவும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே, அந்த நட்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். நூறு பேர் வந்து போகும் செக்‌ஷனில் ஒரு புடவை காணாமல் போனதற்கு அங்கே நின்ற எட்டுப் பேரும் பணம் கட்ட வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. அது வியாபாரத்தின் நட்டம். லாபத்தில் பங்கு தராதவர்கள் நட்டத்தில் மட்டும் பங்கு கேட்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது.

சம்பளத் தேதியையும் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். கையில் தருகிறேன் என்றால், வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். 365 நாள் அனுமதியில் நடக்கும் கடைகள் ஓவர்டைம் உட்பட எல்லாவற்றையும் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். கடைகளுக்கென்று குறைந்தபட்ச ஊதியமும் அரசு நிர்ணயித்திருக்கிறது. அடிப்படை ஊதியத்தோடு சேரும் பஞ்சப்படி (அகவிலைப்படி) ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். அதற்குக் கீழே தர நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது.

ஊரிலிருந்து கூட்டி வந்து ஹாஸ்டலில் தங்க வைத்திருக்கிறார்கள். வெளியே விடுவதில்லை.

தங்குமிடம் தருவதற்கு நியாயமான தொகை பிடிக்கலாம். ஆனால் தங்க இடம் தந்ததால் உங்கள் வேலை நேரம் அல்லாத நேரமும் அவர்களுடையது ஆகிவிடாது. உங்களை அடைத்து வைப்பதற்கும், போனை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டாரிடம் பேச விடாமல் தடுப்பதற்கும் எந்த முதலாளிக்கும் அதிகாரம் இல்லை. அட்வான்ஸ் வாங்கிய கடனைக் காட்டி வெளியேற விடாமல் வைத்தால் அது கொத்தடிமை முறை. அது குற்றம். கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ உடனே புகார் செய்யலாம். பெண்கள் 181 எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். உண்மையிலேயே கட்டுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பி.எஃப். 20 பேரும் அதற்கு மேலும் உள்ள கடைகளுக்குக் கட்டாயம். உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கும் 12 சதவீதம். உங்களுக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் இருக்கும். மத்திய அரசின் உமங் செயலியில் அதைப் போட்டு பாஸ்புக்கைத் திறந்தால் எந்த மாதம் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றம். சாதாரண நிலுவை என்று விட்டுவிடாதீர்கள்.

கடையில் பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. பொருந்தும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் எல்லோரும் அதில் வருவார்கள். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். இதை வெறும் மருந்து மாத்திரைக்கான அட்டை என்று நினைப்பவர்கள் அதிகம். உடம்பு முடியாமல் டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ. தரும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது வேலை செய்து பணம் கட்டியிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம், அதற்கு இந்த 78 நாள் கணக்கும் தேவையில்லை. குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. அப்புறம், அந்த வெரிகோஸ் வெயினுக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டலாம்.

பாத்ரூம் போகவே டோக்கன் வாங்க வேண்டியிருக்கிறது.

கழிப்பறை, ஓய்வறை, பொருள் வைக்கப் பெட்டி ஆகியவை ஊழியர்களுக்குத் தரப்பட வேண்டும் என்பது 365 நாள் அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்று. எத்தனை முறை போகலாம் என்று எண்ணுவது மனிதரை மனிதராக நடத்தாத வேலை. இதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு அலையும் பெண்கள் ஏராளம். தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள். சேர்ந்து போய் மேனேஜரிடம் பேசுங்கள். தனியாகப் பேசத் தயங்கும் விஷயத்தைப் பத்துப் பேராகப் பேசும்போது மறுப்பது கடினம்.

பெண்களை இரவு எத்தனை மணி வரை நிறுத்தலாம்?

365 நாள் அனுமதியில் நடக்கும் கடைகளில் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் கூடாது. அதற்கு மேல் என்றால் உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். ஷிப்டில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் போக்குவரத்து வசதி செய்து, அதைக் கடை வாசலில் அறிவிப்பாகவும் ஒட்ட வேண்டும். வேலையில் சேரும்போது நீட்டுகிற பத்துப் பதினைந்து தாள்களில் இந்தச் சம்மதக் கடிதமும் ஒன்றாக இருக்கலாம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சூப்பர்வைசர் தவறாகப் பேசுகிறார், தொட்டுப் பேசுகிறார். சொன்னால் வேலை போய்விடும் என்று பயம்.

அந்தப் பயம் புரிகிறது. அதற்காகத்தான் வேலையிடத்தில் நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிராக 2013-இல் தனிச் சட்டம் வந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். கடையில் குழு இல்லை, அல்லது புகாரே முதலாளி மீதுதான் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சமூகநலப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் புகார் பதியலாம்.

கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் குழு அனுமதிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை முடியும் வரை உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லியும், 3 மாதம் வரை உங்களுக்கு விடுப்புத் தரச் சொல்லியும் கேட்கலாம். கேமரா பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அதனால் புகாரில் தேதி, நேரம், எந்தத் தளம், எந்தக் கேமரா என்று குறிப்பிட்டு, அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி முதல் நாளே எழுதுங்கள். யாரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

கர்ப்பமானால் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்கிறார்கள்.

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்குப் பிறகு 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இ.எஸ்.ஐ.யில் இருந்தால் பணத்தை இ.எஸ்.ஐ. தரும், கடைக்காரருக்கு அதில் செலவே இல்லை. பிரசவ விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம்.

'நாளையிலிருந்து வராதே' என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

நீங்கள் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு உங்களுக்காக இருக்கிறது. நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸ், அல்லது ஒரு மாதச் சம்பளம் வேண்டும். தவறு செய்ததற்காக நீக்குகிறோம் என்றால் முறையாக விசாரித்து, ஆதாரத்தோடு நிரூபித்திருக்க வேண்டும். அப்போதுதான் நோட்டீஸ் இல்லாமல் அனுப்பலாம்.

வாயால் சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு 'அவரேதான் நின்றுவிட்டார்' என்று சொல்வது வழக்கமான தந்திரம். அதனால் மறுநாளே ஒரு கடிதம் எழுதுங்கள். இப்படிப் போதும்: 'நேற்று தேதி இன்னது, மாலை இத்தனை மணிக்கு மேனேஜர் என்னை இனி வர வேண்டாம் என்றார். நான் ராஜினாமா செய்யவில்லை. வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். எனக்கு வேலை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். வெற்றுத் தாளிலோ அவர்கள் எழுதி வைத்த ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள், பாக்கிச் சம்பளம் தருகிறோம் என்றாலும் சரி.

41-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் 30 நாளுக்குள் செய்ய வேண்டும். நாள் குறைவு, தள்ளிப்போடாதீர்கள். நீங்களாக நின்றாலும் அவர்கள் நிறுத்தினாலும், கணக்குப் பார்த்துப் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு.

சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதை வைத்துக்கொள்ள எந்தத் தொழிலாளர் சட்டமும் முதலாளிக்கு உரிமை தரவில்லை. எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். இனிச் சேருபவர்கள் நகலை மட்டும் கொடுங்கள்.

பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். போகும்போது ஒரு புடவையும் ஐயாயிரமும் தந்தார்கள். அவ்வளவுதானா?

இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்த கடை என்றால் பணிக்கொடை உங்கள் உரிமை. ஐந்து வருடம் முடித்தவர்கள் எல்லோருக்கும் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டுச் சேர்த்தவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஒரு வருடமே போதும். வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால் இந்த வருடக் கணக்கு இல்லை, குடும்பத்துக்குத் தர வேண்டும்.

கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. 13,000 என்றால் 7,500. பன்னிரண்டு வருடத்துக்கு 90,000 ரூபாய். எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 30 நாளில் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும்.

எனக்கு வேலை நியமனக் கடிதமே தரவில்லை. அங்கே வேலை பார்த்தேன் என்று எப்படி நிரூபிப்பது?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் நியமனக் கடிதம் தருவது இப்போது கட்டாயம். தராவிட்டாலும் கலங்க வேண்டாம். வங்கியில் சம்பளம் வந்த பதிவு, பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, அடையாள அட்டை, சீருடையில் எடுத்த போட்டோ, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, உங்கள் ஊழியர் எண் அச்சான பில் என எல்லாமே சான்றுதான். தினமும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். ஓவர்டைம் கேட்கும்போது அந்த நோட்டு பெரிய துணை.

எங்கே போய்ப் புகார் செய்வது? செய்தால் பழிவாங்க மாட்டார்களா?

இருக்கை, வேலை நேரம், விடுமுறை, குறைந்தபட்ச ஊதியம் ஆகியவற்றுக்கு உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். வேலைநீக்கத்துக்குத் துணை ஆணையர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் அவரவர் அலுவலகம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் முதலமைச்சரின் உதவி மையம், 1100. வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவசம். தொலைபேசி 15100.

பழிவாங்கல் நடக்கத்தான் செய்கிறது. வேறு கிளைக்கு மாற்றுவார்கள், இன்சென்டிவை நிறுத்துவார்கள். அதனால் தனியாகப் போவதைவிடச் சங்கமாகப் போவது நல்லது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஆனால் பதிவு கிடைக்க, தொழிலாளர்களில் 10 சதவீதம் பேர் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அது முடியாத இடத்தில், உங்கள் ஊரில் ஏற்கெனவே இயங்கும் தொழிற்சங்கம் ஒன்றில் உறுப்பினராகச் சேருங்கள். மனுவில் சங்கத்தின் பெயர் இருக்கும், உங்கள் பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை. மனு கொடுத்ததும் அலுவலகத்தில் முத்திரையும் தேதியும் போட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். முப்பது நாள் கழித்தும் பதில் இல்லை என்றால், அந்த மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்.